மஸ்டா எம்எக்ஸ்-5, டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ்: எதை வாங்கலாம்?

கேள்வி: ஒரே ஒரு கார்தான் வாங்க முடியும். மஸ்டா எம்எக்ஸ்-5 நல்லதா, டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் நல்லதா? ஓட்டுவதற்கு எது மேல், அன்றாடத்துக்கு எது சரிவரும்?

இரண்டையும் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்கிறேன். முதலில் எம்எக்ஸ்-5, கூரை திறக்கும் பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார். மகள் பிறந்த பிறகு மாடல் 3, பேட்டரியில் ஓடும் மின்சாரக் கார்.

நேர்ச்சாலை வேகம் என்றால் போட்டியே இல்லை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் மூன்றரை விநாடிக்குள் தொட்டுவிடும். 2 லிட்டர் எஞ்சின் எம்எக்ஸ்-5க்கு ஆறரை விநாடி ஆகும். நான்கு கதவு வைத்த குடும்பக் கார், ஸ்போர்ட்ஸ் காரை விடப் பாதி நேரத்தில் வேகம் பிடிக்கிறது. கியர் மாற்றும் வேலை இல்லை, சத்தமும் இல்லை. மிதித்த கணமே முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அந்த இழுவையை எத்தனை முறை அனுபவிக்க முடியும்? மூன்றே விநாடியில் சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தாண்டிவிடுவோம், காலை எடுத்தே ஆகவேண்டும். முதல் வாரம் ஏறியவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன். அப்புறம் மறந்தே போனேன்.

எம்எக்ஸ்-5 அப்படி அல்ல. அதன் எடை ஏறத்தாழ 1,050 கிலோ. மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 1,850 கிலோவை ஒட்டி வரும். இடையில் இருக்கும் 800 கிலோ என்பது பத்துப் பன்னிரண்டு ஆட்களின் எடை. டெஸ்லாவின் பேட்டரி தரையோடு படுத்திருப்பதால் வளைவில் அது அதிகம் சாயாது, பிடிப்பும் அபாரம். ஆனால் எம்எக்ஸ்-5இல் ஸ்டியரிங்கை விரலளவு திருப்பினால் மூக்கு உடனே திரும்பும், பின் சக்கரங்கள் தள்ளுவது இடுப்பில் தெரியும். மிதமான வேகத்திலேயே இதெல்லாம் கிடைக்கும். குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாவதை ‘ஜின்பா இட்டாய்’ என்று மஸ்டாக்காரர்கள் சொல்வார்கள். ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது விளம்பரப் பேச்சாகத் தோன்றாது. சின்ன கியர் லிவரை மணிக்கட்டு அசைவிலேயே மாற்றலாம். துணிக்கூரையின் நடுவில் ஒரே ஒரு கொக்கி. அதை விடுவித்து, உட்கார்ந்தபடியே பின்னால் மடித்து அமுக்கினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். சிக்னல் மாறுவதற்குள் வானம் தலைக்கு மேல் வந்துவிடும்.

சரி, அன்றாடம். எம்எக்ஸ்-5இல் இரண்டே சீட், டிக்கி 130 லிட்டர். இரண்டு சின்னப் பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். கைப்பொருள் போட முன்பக்கப் பெட்டிகூடக் கிடையாது, சீட்டுகளுக்கு நடுவே பின்னால் ஒரு சிறு அறைதான். உட்காரும் இடம் தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அதில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு. மாடல் 3இல் ஐந்து பேர் போகலாம், டிக்கி 600 லிட்டரை நெருங்கும், பானெட்டுக்கு அடியிலும் பெட்டி வைக்க இடம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: டிக்கிக்குள் இடம் தாராளம் என்றாலும் அதன் வாய் சிறியது. உயரமான அட்டைப்பெட்டி உள்ளே பொருந்தும், வாயில் நுழையாது.

வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் மாடல் 3 சுகமான வண்டி. காலையில் நிறைந்த பேட்டரியோடு கிளம்பலாம். அந்த வசதி இல்லாவிட்டால் வாரா வாரம் சார்ஜருக்கு அலையவேண்டும். கடுங்குளிரில் ஓடும் தூரமும் குறையும். எம்எக்ஸ்-5க்கு எங்கேயும் ஐந்து நிமிடத்தில் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே கார் என்று சொல்லியிருக்கிறீர்கள். வீட்டில் மூன்றாவது ஆள் இருந்தால், அல்லது சீக்கிரம் வரப்போகிறார் என்றால், மாடல் 3 வாங்குங்கள். தனி ஆளோ இருவரோ என்றால் தயங்காமல் எம்எக்ஸ்-5. எதுவானாலும் ஓட்டிப் பார்க்கப் போகும்போது உங்கள் பெரிய பெட்டியையும், வீட்டில் மூத்தவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.