ஜன்னல் பிளைண்ட்ஸ், சுருள் திரை, துணித் திரை ஆகியவற்றை வீட்டிலேயே எப்படிச் சுத்தம் செய்வது?

கடற்கரையை ஒட்டிய வாடகை வீடு ஒன்றுக்குப் புதிதாகக் குடிவந்திருப்பதாகவும், முன்பு இருந்தவர்கள் விட்டுச்சென்ற அலுமினியப் பட்டை பிளைண்ட்ஸ், சுருள் திரை, துணித் திரை எல்லாவற்றிலும் தூசி அப்பிக் கிடப்பதாகவும், வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாகவும் சொல்லி, ஆள் வைக்காமல் தாமே சுத்தம் செய்ய வழி கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையின் கடற்கரைப் பகுதியான திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். என் தாயாருக்கு இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. ஜன்னலில் தூசி சேர்ந்துவிட்டால் அவருக்கு அன்றிரவு உறக்கம் கெட்டுவிடும் என்பதால், இந்த வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கடைசியாக எடுங்கள். நான் பார்த்தவரையில், அழுக்கால் கெட்டுப்போன திரைகளைவிட அவசரப்பட்டு நனைத்ததால் கெட்டுப்போன திரைகளே அதிகம். உலர்ந்த தூசியை உலர்ந்த நிலையிலேயே எடுத்துவிட்டால் ஒரே துணியில் வேலை முடிந்துவிடும். அதன்மேல் ஈரம் பட்டாலோ, தூசி சேறாகிப் பட்டைகளின் ஓரங்களிலும் கயிற்றின் முறுக்குகளுக்குள்ளும் புகுந்துகொண்டு, பிறகு எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் நிறக் கோடாகவே நிற்கும். ஆகவே மின்விசிறியை நிறுத்தி, கட்டிலின்மேல் பழைய போர்வை ஒன்றை விரித்து, முகக்கவசம் அணிந்துகொண்டு, மேலிருந்து கீழாக உலர்துடைப்பை முழுவதும் முடித்துவிடுங்கள். குழந்தையும் இளைப்பு, ஒவ்வாமை உள்ளவர்களும் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கட்டும்; நுண்ணிய தூசி உடனே தரையில் படிந்துவிடாது என்பதால், வேலை முடிந்து ஒரு மணி நேரமாவது கழிந்தபின் அவர்கள் உள்ளே வருவது நல்லது.

உலர்துடைப்பு முடிந்ததும் பலர் நேராகத் திரையைக் கழுவப் போய்விடுகிறார்கள். அதற்கு முன் கொசுவலையைப் பாருங்கள். வெளிக்காற்றில் வரும் தூசியில் ஒரு பகுதி அங்கேயே தங்குகிறது. வலையை விட்டுவிட்டுத் திரையை மட்டும் துவைத்தால், ஒரு வாரத்தில் அது பழையபடி ஆகிவிடும். வெல்க்ரோ வைத்து ஒட்டிய வலையாக இருந்தால் ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பட்டையும் சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். வலையைச் சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷால் இருபுறமும் வருடி, பிழியாமல் அப்படியே தொங்கவிட்டு உலர்த்துங்கள். வலை காய்வதற்குள் இரும்புக் கிரில், சறுக்கு ஜன்னலின் தண்டவாளம், கண்ணாடி என்ற வரிசையில் முடித்துவிடலாம். தண்டவாளத்தில் பழைய பல்துலக்கியால் மண்ணைக் கிளறி எடுத்துவிட்டு, மழைநீர் வெளியேறுவதற்காக அதில் விட்டிருக்கும் சிறு துளைகளை ஓர் ஈர்க்குச்சியால் குத்தி விடுங்கள். அந்தத் துளைகள் அடைபட்ட ஜன்னல்களில்தான் ஐப்பசி மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வழிந்து, திரையின் அடிப்பகுதியைக் கறையாக்குகிறது.

இனி அலுமினியப் பட்டை பிளைண்ட்ஸ். ஜன்னலிலிருந்து கழற்ற வேண்டிய தேவை இல்லை. முழுவதும் கீழே இறக்கி, பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி குச்சியைத் திருப்பி மூடி, மைக்ரோஃபைபர் துணியால் ஒரு பக்கத்தைத் துடையுங்கள். பிறகு எதிர்த் திசையில் திருப்பி மூடி, மறுபக்கத்தைத் துடையுங்கள். இப்படிச் செய்தாலும், பட்டைகளை ஏணிப் படிகள் போலத் தாங்கும் நூல்கள் (நூலேணி) இருக்கும் இடங்களில் இரண்டு அங்குல அகலத்துக்குத் தூசி நின்றுவிடும். அதற்கு நான் பழைய காலுறை ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு, பட்டைகளைக் கிடைமட்டமாக வைத்து, ஒவ்வொரு பட்டையையும் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே பிடித்து, நூலேணியின் இருபுறமும் மெல்ல இழுப்பேன். மறு கையால் அந்தப் பட்டையைக் கீழிருந்து தாங்கிக்கொள்வது மிகவும் முக்கியம். தாள் போன்று மெல்லிய அந்த அலுமினியம் ஒருமுறை மடங்கிவிட்டால், நிமிர்த்தினாலும் மடிப்புக் கோடு மறையவே மறையாது.

கடற்கரை வீடுகளில் உலர்துடைப்பு மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துடைத்த பட்டையைத் தொட்டுப் பார்த்தால் விரலில் பிசுபிசுப்பு தெரிவது அதனால்தான். பட்டையில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றுவதற்கும், மேலே உள்ள இரும்புப் பெட்டி துருப்பிடிப்பதற்கும் இந்த உப்பே காரணம். அது தூசியைப் போலத் துணியோடு வந்துவிடாது, தண்ணீரில்தான் கரையும். எனவே உலர்துடைப்புக்குப் பிறகு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறையும், உடனே உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடையுங்கள். நாலைந்து பட்டைகளுக்கு ஒருமுறை துணியை அலசுங்கள், வாளித் தண்ணீரையும் அடிக்கடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒரு பட்டையின் உப்பை எடுத்து அடுத்த பட்டையில் பூசுவதாகத்தான் முடியும். பால்கனிக் கொடியில் தொங்கவிட்டு மக்கால் தண்ணீர் ஊற்றும் வழியைச் சிலர் சொல்வார்கள். மேல்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினால் உள்ளே இருக்கும் தண்டும் பூட்டும் துருவேறி, பிறகு பிளைண்ட்ஸ் பாதியில் நின்றுவிடும் என்பதால், அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சமையலறை ஜன்னலில் தூசியோடு தாளிப்பு எண்ணெயின் ஆவியும் சேர்ந்து பிசுக்காகிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியைப் பட்டையின்மேல் அரை நிமிடம் பதித்து வைத்துவிட்டுத் துடைத்தால் பிசுக்கு இளகி வந்துவிடும். அவசரத்தில் வாஷிங் சோடாவைப் போட்டுவிடாதீர்கள்; அதன் காரத்தன்மை அலுமினியத்தை அரிக்கும், மேல்பூச்சையும் மங்கச் செய்யும். அடுப்புக்கு அருகே துணித் திரை தொங்குமானால், அதைத் துவைப்பது எப்படி என்று யோசிப்பதைவிட, அங்கிருந்து எடுத்துவிடுவதே சரி. தீயின் அருகில் துணி இருக்கவே கூடாது.

மரப் பட்டைகளுக்குக் கிட்டத்தட்ட உலர்ந்த துணியே போதும், ஈரம் ஊறினால் மரம் முறுக்கிக்கொள்ளும். பால்கனியில் மூங்கில் தட்டி இருந்தால், இழைகளின் போக்கிலேயே பிரஷால் தட்டிவிட்டு ஒரு நாள் வெயிலில் விடுங்கள்; கீழே மாவு போலக் கொட்டிக்கொண்டிருந்தால் வண்டு துளைத்திருக்கிறது என்று பொருள்.

பிளாஸ்டிக் பட்டைகளைப் பற்றி மட்டும், குழந்தை இருப்பதால், கூடுதலாக ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 1996-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அந்நாட்டுக்கு இறக்குமதியான வினைல் சிறுபட்டை பிளைண்ட்ஸில் ஈயம் இருப்பதையும், வெயிலிலும் வெப்பத்திலும் பிளாஸ்டிக் சிதையும்போது அந்த ஈயம் தூசியாக மேற்பரப்பில் படிவதையும் கண்டறிந்து, சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் அவற்றைக் கழற்றிவிடும்படி அறிவுறுத்தியது. துடைத்தாலும் புதிதாகத் தூசி உருவாகிக்கொண்டே இருக்கும் என்பதால் சுத்தம் செய்வது அதற்குத் தீர்வாகாது. உங்கள் வீட்டில் பழைய பிளாஸ்டிக் பட்டைகள் மஞ்சளாகி, தொட்டால் வெண்பொடி கையில் ஒட்டுமானால், வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அகற்றிவிடுங்கள். அதில் தயங்கவேண்டாம்.

சுருள் திரையில்தான் நான் தவறு செய்தேன். குடிவந்த முதல் ஆண்டு, மேற்குப் பார்த்த படுக்கையறையில் வெளிச்சத்தை முழுவதும் மறைக்கும் வகைத் திரை ஒன்றை வாங்கி மாட்டியிருந்தோம். சட்டை துவைப்பது போல அதைக் கழற்றி, மடித்து, வாளியில் ஊறவைத்துப் பிழிந்தேன். உலர்ந்தபின் மாட்டிப் பார்த்தால், மடிப்பு விழுந்த இடமெல்லாம் பின்பக்கப் பூச்சு வெடித்து, மாலை வெயில் ஊசித் துளைகள் வழியாகப் புள்ளி புள்ளியாகத் தாயாரின் தலையணையில் விழுந்தது. அந்தத் திரையைச் சரிசெய்ய வழியே இல்லை. அதன் துணி அக்ரிலிக் போன்ற பூச்சு ஏற்றப்பட்டது. மடிப்பும் முறுக்கலும் அதற்கு ஆகாது. முழுவதும் கீழே இறக்கி, வேக்குவம் கிளீனரின் பிரஷ் முனையால் இருபுறமும் தூசியை எடுத்துவிட்டு, மென்மையான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். சிறு விரல் கறைகளுக்குச் பென்சில் அழிக்கும் சுத்தமான வெள்ளை ரப்பர் நன்றாகப் பயன்படும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, நன்றாக உலரும்வரை, குறைந்தது அரை நாள், அதைச் சுருட்டாமல் விரித்தே வைத்திருப்பது. ஈரத்தோடு சுருட்டினால் நம் ஊர்ப் புழுக்கத்தில் உள்ளுக்குள் பூசணம் பிடித்துவிடும். கரும்புள்ளிகளாகப் பரவிவிட்ட பூசணத்தைப் பிளீச்சிங் கரைசலால் நீக்கப் பார்த்தால் பூச்சும் நிறமும் சேர்ந்து போகும். எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சிங்கோடு கழிப்பறை அமிலத்தைக் கலந்துவிடாதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலையே புண்ணாக்கும்.

செங்குத்தாகத் தொங்கும் துணிப் பட்டைகளுக்கு வேக்குவமே பெரும்பாலும் போதும். கழுவியே ஆகவேண்டும் என்றால், கழற்றும்போது ஒவ்வொரு பட்டையின் மேல்மடிப்பிலும் பென்சிலால் எண் போட்டுக்கொள்ளுங்கள், வெயிலில் வெளுத்த பட்டையும் வெளுக்காத பட்டையும் இடம்மாறினால் பார்க்க ஒவ்வாது. அடியில் இருக்கும் எடைகளையும் சங்கிலியையும் எடுத்துவிட்டு, கையால் அலசுங்கள். சலவை இயந்திரம் அவற்றின் விறைப்பைக் கெடுத்துவிடும்.

துணித் திரைச்சீலைகளைத் துவைப்பதற்கு முன், வெயில் படும் ஓரத்தை இரு கைகளாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற நூல், பார்க்க நன்றாக இருந்தாலும் இயந்திரத்தில் கிழிந்துவிடும். கொக்கிகளைக் கழற்றி, மொட்டைமாடியில் உதறி, இயந்திரத்தில் பாதி அளவே நிரப்பி, மென்சுழற்சியில் போடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால், தரையைத் தொடும் நீளத்தில் இருந்தால்கூட உடனே வெட்டித் தைக்காமல், ஒரு சலவை முடியும்வரை பொறுத்திருங்கள். தூசிப்பூச்சிகள் சாவதற்கு 60 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பூச்சு ஏற்றிய துணியும் பாலியெஸ்டர் திரைகள் சிலவும் அந்தச் சூட்டுக்கு ஏற்றவையல்ல. ஆயினும் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அந்தப் பூச்சிகளின் கழிவுதான், அது நீரில் கரையக்கூடியது. ஆகவே சாதாரணத் தண்ணீரில் நன்றாக அலசினாலும் பெரும்பயன் உண்டு. எங்கள் வீட்டில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இப்படி அலசத் தொடங்கிய பிறகுதான் தாயாரின் இரவு இருமல் குறைந்தது. அலசிய திரையைச் சற்று ஈரமாக இருக்கும்போதே கம்பியில் மாட்டிவிட்டால், தன் எடையிலேயே சுருக்கம் நீங்கும், இஸ்திரி தேவைப்படாது.

எப்போது செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு வெள்ளையடித்துத் திரைகளைத் துவைத்து மாட்டுவது நம் வழக்கம். சென்னையில் அப்படித் துவைத்து மாட்டிய மறுநாளே போகிப் புகை வந்து அவற்றில் படிகிறது. 2018 போகியன்று விமானங்களே தாமதமாகும் அளவுக்குப் புகைமூட்டம் இருந்தது. ஆகையால் நான் தீபாவளிக்கும் போகிக்கும் முன்பாக உலர்துடைப்பு மட்டும் செய்து, அவ்விரு நாள்களிலும் ஜன்னலை மூடி வைத்துவிட்டு, பெரிய சலவையை மாசி, பங்குனி வெயிலில் வைத்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கனமான திரை எதையும் நனைக்கவேண்டாம், மூன்று நாள் ஆனாலும் அது காயாது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிட உலர்துடைப்பு செய்து வந்தால், பெரிய சலவை ஆண்டுக்கு இரண்டு முறைக்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது. எங்கள் வீட்டைப் போல இளைப்பு உள்ள வீடுகளில் துணித் திரையை மட்டும் அடிக்கடி அலசவேண்டும்.

கடைசியாக, பிளைண்ட்ஸின் கயிறு. துடைப்பதற்காக இறக்கும்போதும் ஏற்றும்போதும் கயிறு முழு நீளத்துக்குத் தொங்கும். வேலை முடிந்ததும் அதை அப்படியே விட்டுவிடுகிறோம். குழந்தைகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உயிரிழந்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருப்பதால், அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், கடைகளில் ஆயத்தமாக விற்கும் பிளைண்ட்ஸ் கயிறில்லாமலோ எட்டாத கயிறோடோ இருக்கவேண்டும் என்ற தரவிதி வந்தது. உங்கள் வீட்டில் இருப்பது முன்பிருந்தவர்கள் மாட்டிய பழையது. தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் சுவரில் ஒரு கொக்கியை அடித்து, துடைத்து முடித்த கையோடு கயிற்றை அதில் சுற்றிக் கட்டிவிடுங்கள். குழந்தையின் கட்டிலோ, அது ஏறி நிற்கக்கூடிய நாற்காலியோ அந்த ஜன்னலின் அருகில் இருந்தால், இன்றைக்கே அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.