முதலில் மீட்டர், அப்புறம் சோலார் பேனல்

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். 24 அடி ட்ராவல் ட்ரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி) ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். முன்னால் கொக்கி மாட்டும் இடத்தில் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. சாயங்காலம் சுவரிலுள்ள பட்டனை அழுத்தினால் பேட்டரி அளவைக் காட்டும் நான்கு விளக்கும் எரிகிறது, ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு ஹீட்டர் குளிர்ந்த காற்றை ஊதுகிறது. டிசம்பரில் பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் காட்டன்வுட் முகாமுக்குப் போகிறோம். அங்கே கரண்ட் இணைப்பு கிடையாது, ஜெனரேட்டருக்கும் அனுமதியில்லை. கூரையில் 200 வாட் சோலார் பேனல் போட்டால் போதுமா? பேட்டரி மானிட்டர் தனியாக வாங்க வேண்டுமா?

பதில்: மானிட்டர் கட்டாயம் வேண்டும். பேனலுக்கு முன்னால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

உங்கள் ஹீட்டர் அநேகமாகப் பழுதாகியிருக்காது. அது எரிவது கேஸில்தான் என்றாலும் காற்றைத் தள்ளும் ஃபேன் பேட்டரியில் ஓடுகிறது. ஃபேன் போதிய வேகத்தில் சுற்றினால்தான் உள்ளே இருக்கும் சின்னத் தகடு காற்றில் தள்ளப்பட்டு ஒரு சுவிட்சை மூடும். சுவிட்ச் மூடிய பிறகுதான் கேஸ் திறந்து பற்றிக்கொள்ளும். வோல்டேஜ் இறங்கிவிட்டால் ஃபேன் சோம்பலாகச் சுற்றும், தகடு நகராது, நெருப்பு வராது. அந்த நேரத்தில் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு நன்றாகக் கீழே இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்படியானால் அந்த நான்கு விளக்குகள்? அவை வோல்டேஜை மட்டுமே பார்க்கின்றன. இப்போதுதான் சார்ஜரைக் கழற்றியிருந்தாலோ, காரோடு இணைத்து ஓட்டி வந்திருந்தாலோ, அரைகுறையாக நிரம்பிய பேட்டரிகூட நான்கு விளக்கையும் எரிய வைக்கும். லெட்-ஆசிட்டைச் சில மணி நேரம் எதுவும் ஓடாமல் வைத்த பிறகு அளந்தால் 12.7 முழுசு, 12.2 ஏறக்குறைய பாதி என்று ஓரளவு சொல்லலாம். ஆள் குடியிருக்கும் ட்ரெய்லரில் அந்த ஓய்வு எங்கே கிடைக்கிறது? லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மாறினால் இன்னும் மோசம். 90 சதவீதத்திலும் 13.2 பக்கம்தான் காட்டும், 40 சதவீதத்திலும் ஏறக்குறைய அதேதான்.

அதனால்தான் ஷன்ட் வைத்த மானிட்டர் தேவை. ஷன்ட் என்பது பேட்டரியின் மைனஸ் பக்கத்தில் மாட்டும், கரண்ட்டை அளக்கும் சின்னக் கட்டை. கல்லாப்பெட்டியில் உட்கார்ந்தவர் வரவு செலவு எழுதுவதுபோல, உள்ளே போகும் கரண்ட்டையும் வெளியே வரும் கரண்ட்டையும் அது விடாமல் எண்ணுகிறது. விக்ட்ரான் ஸ்மார்ட்ஷன்ட் போன்றவை ப்ளூடூத்தில் ஃபோனுக்கே கணக்கைக் காட்டும். மழை படும் இடத்தில் வைப்பதென்றால் தண்ணீரும் தூசியும் தாங்கும் ஐ.பி.65 ரகம் கேட்டு வாங்குங்கள்.

மாட்டுவதில் ஒரே ஒரு விதிதான், அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பேட்டரியின் மைனஸ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் தடித்த கேபிளைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இப்போது அங்கே குறைந்தது இரண்டு ஒயர் இருக்கும்: உள்ளே ஃபியூஸ் பெட்டிக்குப் போகும் வெள்ளை ஒயர், இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்ட எர்த் ஒயர். இரண்டையும் கழற்றி ஷன்ட்டின் மறுபக்கத்தில் மாட்டுங்கள். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்த நாளைக்கு வரும் சோலார் கண்ட்ரோலரின் மைனஸும் அங்கேதான். ஒன்று பழைய முனையிலேயே தங்கிவிட்டால் அதன் வழியாகப் போவது கணக்கில் வராது. மாட்டி முடித்ததும் விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர், ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தூக்கி இறக்கும் எலெக்ட்ரிக் ஜாக் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். போடும் ஒவ்வொன்றுக்கும் ஃபோனில் ஆம்பியர் மாற வேண்டும்.

அடுத்து செட்டிங்ஸ். பேட்டரியின் ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி: ஒரு ஆம்பியரை ஒரு மணி நேரம் இழுத்தால் ஒன்று) அளவைச் சரியாகக் கொடுங்கள். வேகமாக இழுத்தால் பேட்டரியின் கொள்ளளவு எவ்வளவு குறையும் என்று சொல்லும் பியூக்கர்ட் எண் லெட்-ஆசிட்டுக்கு 1.25, லித்தியத்துக்கு 1.05. ‘நிரம்பியது’ என்று எடுத்துக்கொள்ளும் வோல்டேஜைச் சார்ஜரின் உச்ச வோல்டேஜுக்குச் சற்றே கீழே வையுங்கள்: சார்ஜர் 14.4 வரை போனால் 14.2. இதைக் குறைத்து வைத்தால் சோலாரில் ஒரு வேடிக்கை நடக்கும். மேகம் மறைத்துக் கரண்ட் சரியும், பேட்டரி நிரம்பியதால்தான் கரண்ட் குறைகிறது என்று மானிட்டர் நினைத்து 100 சதவீதம் காட்டிவிடும்.

இனி வீட்டு வாசலிலேயே, கரண்ட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஓர் இரவு ட்ரெய்லரில் தூங்குங்கள். காலையில் வரும் எண்தான் உங்கள் உண்மையான தேவை. என் உத்தேசம் இது: ஹீட்டர் ஃபேன் இந்த அளவு ட்ரெய்லரில் 5 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். 12 மணி நேரக் குளிரிரவில் பாதி நேரம் ஓடினாலே சுமார் 40 ஏ.ஹெச். போய்விடும். கேஸ் கசிவு அலாரம், ஸ்டீரியோவின் கடிகாரம் என்று யாரும் கவனிக்காமல் உறிஞ்சுபவை நாளுக்கு 12 ஏ.ஹெச். வரை. விளக்கும் பம்பும் சேர்த்து மொத்தம் 60, 70 வரும். உங்கள் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடுவதா, 12 வோல்ட் கம்ப்ரஸரா என்று எழுதவில்லை. கம்ப்ரஸர் என்றால் இன்னொரு 40 முதல் 60 சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லரோடு வரும் சாதா பேட்டரி பெரும்பாலும் 75, 80 ஏ.ஹெச்.தான், அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். நான்கு மணிக்கு ஏன் ஹீட்டர் நிற்கிறது என்பதற்கு இதைவிடக் கணக்கு வேண்டாம்.

இப்போது 200 வாட் பேனல். பிக் பெண்டில் டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூடச் சூரியன் 37, 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலில் நேரடி வெயிலில் பத்தில் ஆறு பங்குதான் விழும். நல்ல நாளில் 40 ஏ.ஹெச். கிடைத்தால் பெரிது. மேலும் பெயரிலேயே இருப்பதுபோலக் காட்டன்வுட் மரங்களுக்கு நடுவேதான் அந்த முகாம். பேனலின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே உற்பத்தி படுத்துவிடும். ஆகவே இந்தப் பயணத்துக்குக் கூரைப் பேனலைவிட, மடித்து வைக்கும் சூட்கேஸ் பேனலே என் தேர்வு. மரத்தடியில் ட்ரெய்லரை நிறுத்தி, பேனலை வெயிலில் தெற்கு பார்த்துச் சாய்த்து வைக்கலாம். அதே 200 வாட்டில் 60 வரைகூட எடுக்கலாம்.

ட்ரெய்லரின் பக்கவாட்டில் ‘சோலார் ரெடி’ என்று ஒரு சாக்கெட் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செருகாதீர்கள். சிலவற்றில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கும். முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். பல ட்ரெய்லர்களில் அந்த ஒயர் நேராகப் பேட்டரிக்குத்தான் போகிறது, நடுவில் கண்ட்ரோலர் கிடையாது. கண்ட்ரோலர் பேனலிலேயே இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். தனியாக வாங்கினால் பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுக்கும் எம்.பி.பி.டி. வகை வாங்கி, பேட்டரிக்கு அருகில் வையுங்கள். பேட்டரியை முதலில் இணைத்து, பேனலைக் கடைசியில் இணையுங்கள். ப்ளஸ் ஒயரில் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கட்டும்.

லித்தியத்துக்கு மாறலாமா? மாறலாம், 100 ஏ.ஹெச். பேட்டரியில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம், எடையும் குறைவு. ஆனால் 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. வெளியே முன்பக்கத்தில் வைத்தால் உறைபனி விடிந்த காலையில் வெயில் அடித்தாலும் சார்ஜ் ஏறாது. சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியில் கொண்டுபோய் வைப்பது நல்லது. வெளிக் கரண்ட்டில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய கன்வெர்ட்டரையும் லித்தியம் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். இன்வெர்ட்டர் போட்டு ஏ.சி. ஓட்டும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். கூரை ஏ.சி. 100 ஏ.ஹெச். பேட்டரியை ஒரு மணி நேரத்துக்குள் காலி செய்துவிடும்.

பேட்டரியை இடம் மாற்றும்போது அவசர பிரேக் ஒயரைத் தவறவிடாதீர்கள். ஓடும்போது ட்ரெய்லர் கழன்றுகொண்டால் அதன் சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது அந்த பேட்டரிதான். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அந்த இணைப்பு உயிரோடிருக்க வேண்டும், ஆகவே சுவிட்சுக்கு முன்னால், அதாவது பேட்டரி பக்கமாக, ஃபியூஸ் வைத்து மாட்டுங்கள். வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காரோடு இணைக்கும் 7 பின் ப்ளக்கையும் கழற்றிவிட்டு, அவசர பிரேக்கைத் தூண்டும் சின்னக் கம்பிப் பின்னை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். ஷன்ட்டின் கணக்கில் சட்டென்று பல ஆம்பியர் ஓடினால் பிரேக்குக்குக் கரண்ட் போகிறது. பார்த்ததும் பின்னை உடனே திரும்பச் செருகிவிடுங்கள். நெடுநேரம் விட்டால் பிரேக் காந்தங்கள் சூடேறிக் கெட்டுவிடும்.