மலிவாகக் கிடைக்கும் 4.10 கியரை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். என்னிடம் 1969-ஆம் ஆண்டு ஷெவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396 இருக்கிறது. 350 குதிரைத்திறன் என்ஜின், டர்போ 400 ஆட்டோமேட்டிக், பன்னிரண்டு போல்ட் பின் அச்சு, அதில் 3.31 கியர், 27 அங்குல உயர டயர். மாதம் ஒருமுறை 90 மைல் தள்ளியுள்ள பந்தயத் தடத்தில் கால் மைல் ஓட்டுகிறேன். மற்ற நாள்களில் சாலையில்தான் ஓடுகிறது. ஒருவர் பழைய 4.10 ரிங், பினியன் ஜோடியைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் காருக்கு 3.73 போதும், அதையும் புதிய ஜோடியாகவே வாங்குங்கள்.

பின் அச்சில் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் ரிங் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது; ரிங் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே 3.31, 4.10 போன்ற கியர் விகிதம். விற்பவர் சொல்லும் விலையைப் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மணிக்கு எத்தனை மைல் என்பதைக் கியர் விகிதத்தாலும் 336-ஆலும் பெருக்கி, டயரின் உயரத்தை அங்குலத்தில் எடுத்து அதனால் வகுத்தால், நேர் கியரில், அதாவது கியர்பெட்டி ஒன்றுக்கு ஒன்றாகச் சுழலும் கியரில், என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றும் என்பது கிடைத்துவிடும். கால் மைலின் முடிவில் உங்கள் கார் 100 மைல் வேகத்தைத் தொடுவதாக வைத்துக்கொண்டால், 3.31-இல் சுமார் 4,120 சுற்றும், 3.73-இல் 4,640 சுற்றும், 4.10-இல் 5,100 சுற்றும் வரும். ஆட்டோமேட்டிக்கில் என்ஜினையும் கியர்பெட்டியையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் சற்றே நழுவுவதற்காக இவற்றோடு ஐந்து விழுக்காடு அளவுக்குக் கூட்டிக்கொள்ளலாம். உங்கள் என்ஜின் தன் முழுத் திறனை 5,200 சுற்றில் தருவது. ஆகவே, பந்தயத் தடத்தை மட்டும் பார்த்தால் 4.10 பொருத்தமானதுதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் தடத்துக்குப் போய்வர நீங்கள் ஓட்டும் 180 மைலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 70 மைல் வேகத்தில் 4.10 என்ஜினை 3,570 சுற்றில் வைத்திருக்கும். ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத மூன்று வேக கியர்பெட்டியில் அதிலிருந்து தப்ப வழியே கிடையாது. அந்த இரைச்சலைச் சிலர் சங்கீதம் என்பார்கள். முதல் அரை மணி நேரத்துக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். 3.73-இல் அது 3,250-ஆகக் குறைகிறது. 3.31-ஐ விடப் புறப்படும்போது சக்கரத்துக்குச் சேரும் முறுக்குவிசை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடவும் செய்கிறது; சாதாரணச் சாலை டயரில் அதற்கு மேல் கூட்டினால் கார் பாய்வதற்குப் பதிலாக டயர்தான் புகையும். தடத்தில் மட்டும் பள்ளக்கோடுகள் இல்லாத 26 அங்குல ஸ்லிக் பந்தய டயரை மாட்டினால், உங்கள் 3.73 ஏறக்குறைய 3.87 போல வேலை செய்யும். பின்னாளில் ஓவர்டிரைவ் கியர்பெட்டி போடும் எண்ணம் இருந்தால் 4.10-ஐப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

வாங்குவதில் வேறொரு சிக்கலும் உண்டு. பன்னிரண்டு போல்ட் அச்சில் ரிங் கியரைத் தாங்கும் கேரியர் எல்லா விகிதங்களுக்கும் ஒன்றல்ல. உங்கள் 3.31 இருக்கும் கேரியரில் 3.73 அப்படியே பொருந்தும். 4.10-க்கோ வேறு கேரியர் வாங்க வேண்டும், அல்லது பழைய கேரியருக்கென்றே தடிமனாகச் செய்த ரிங் கியரைத் தேட வேண்டும். மலிவு என்று வாங்கியவர்கள் இந்த இடத்தில்தான் இரட்டைச் செலவு செய்கிறார்கள். மேலும், ஷெவர்லே டிரக்கின் பன்னிரண்டு போல்ட் கியர் காரின் அச்சுக்குச் சேராது. விற்பவர் அதை எந்த வண்டியிலிருந்து கழற்றினார் என்று அவசியம் கேளுங்கள்.

ரிங்கும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஜோடியாக உராய்த்துப் பொருத்தப்படுபவை. இரண்டிலும் பொறித்த ஜோடி எண் ஒன்றாக இல்லாவிட்டால், எவ்வளவு கவனமாகப் பூட்டினாலும் அச்சு ஊளையிடும். ரிங் கியரில் பொறித்த பற்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்: 41-உம் 10-உம் என்றால் 4.10; 41-உம் 11-உம் என்றால் 3.73. விற்பவரின் சொல்லை விட அந்த இரண்டு எண்களை நம்பலாம்.

புதிய ஜோடியோடு பேரிங், இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம், பினியன் பேரிங்கின் இறுக்கத்தை அமைக்கும் நசுங்கும் ஸ்லீவ் ஆகியவை அடங்கிய பொருத்தும் தொகுப்பையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பூட்டுபவரிடம், பற்களில் வண்ணப்பசை தடவி எடுத்த, அவை ஒன்றையொன்று எங்கே தொடுகின்றன என்று காட்டும் அடையாளத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்க வேண்டாம். கியர்பெட்டியில் உள்ள ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள். மாற்றாவிட்டால் 60 மைலில் போகும்போது முள் 67-ஐத் தாண்டி நிற்கும்.