ஐடி கம்பெனியில் புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறேன். மீட்டிங்கில் யாருமே வாய் திறப்பதில்லை. இங்கே நமக்கு மதிப்பு இருக்கிறது என்று என் டீம் உணர நான் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் ஐடி துறையில் இருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் தையல் லைன்களைப் பார்த்துக்கொள்ளும் புரொடக்‌ஷன் இன்சார்ஜ். வேலை வேறுதான். ஆனால் "மீட்டிங்கில் யாருமே வாய் திறப்பதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த சிக்கல். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தான் சொன்ன ஒரு விஷயத்தால் வேலையில் ஏதாவது மாறும்போதுதான், இங்கே நமக்கு மதிப்பு இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. பாராட்டு, பிறந்தநாள் கேக், தீபாவளி ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சொல்வதைக் காதில் வாங்காத இடத்தில் கேக் வெட்டினால், சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் லைனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டி-ஷர்ட் ஆர்டர், மெல்லிய சிங்கிள் ஜெர்சி துணி. கழுத்து ரிப், அதாவது கழுத்துப் பட்டி, வைக்கும் இடத்தில் பொடிப்பொடியாக ஓட்டை விழுந்து, செக்கிங்கிலிருந்து பீஸ்கள் ஆல்டருக்கு, அதாவது திருத்தித் தைக்க, திரும்பிக்கொண்டே இருந்தன. "டைலருக்குக் கவனம் இல்லை" என்று சூப்பர்வைசர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். நான் ஸ்டூலைப் போட்டு ஓவர்லாக் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதில் தைத்துக்கொண்டிருந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "ஊசி மழுங்கிருச்சுங்க சார். மாத்தப் போனா ஸ்டோர்ல நிக்கோணும். பழசு உடைஞ்சிருந்தா எல்லாத் துண்டையும் தேடி எடுத்துக் கொடுத்து, நோட்டுல கையெழுத்துப் போடோணும். திரும்பி வர்றதுக்குள்ள பண்டல் குமிஞ்சுருது. அப்புறம் பீஸ் கம்மின்னு திட்டு விழுது."

ஏற்றுமதி கம்பெனியில் இருப்பவர்களுக்கு இந்த விதி தெரியும். உடைந்த ஊசியின் ஒரு துண்டு குழந்தையின் சட்டைக்குள் போய்விட்டால் என்ன ஆகும்? அதனால் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒட்டி, பதிவு செய்த பிறகுதான் புது ஊசி. விதி சரியானது. அதை நிறைவேற்ற ஆகும் நேரத்தை டைலரின் கணக்கில் எழுதியதுதான் தவறு. திட்டுக்குப் பயந்து மழுங்கிய ஊசியிலேயே தைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னலாடையில் மழுங்கிய ஊசி நூலை விலக்கிப் போகாது, அறுத்துவிடும். ஓட்டை அங்கிருந்துதான் வந்தது.

ஊசிப் பெட்டியும் நோட்டும் எடுத்துக்கொண்டு மிஷினுக்கே ஒருவர் வரும்படி மாற்றினோம். உடையாவிட்டாலும் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஊசி மாற்றுவது என்று வைத்தோம். ஓட்டை குறைந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, அடுத்தடுத்த நாட்களில் நடந்தது. நான் கேட்காமலே ஒருவர் டியூப் லைட் நிழல் தையல் மேல் விழுகிறது என்றார். இன்னொருவர் ஒரு கலர் நூல் மட்டும் அடிக்கடி அறுகிறது என்றார். ஒரு ஆள் சொன்னது நடந்துவிட்டதை லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டும் என்றால் கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் கார் தொழிற்சாலையைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது அங்கே லைனை நிறுத்துவது பெரும் குற்றம். தினமும் சுமார் 20 சதவீதம் பேர் வேலைக்கே வர மாட்டார்கள். 1982-ல் மூடினார்கள். 1984-ல் டொயோட்டாவும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தபோது, பெரும்பாலும் அதே தொழிலாளிகள், அதே யூனியன். ஆனால் இந்த முறை ஒவ்வொருவர் கைக்கும் எட்டும்படி ஒரு கயிறு. பிரச்சினை என்றால் இழுக்கலாம், டீம் லீடர் உடனே ஓடிவந்து உதவுவார். கார் அவருடைய இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகாவிட்டால்தான் லைன் நிற்கும். வேலைக்கு வராதவர்கள் 2 சதவீத அளவுக்குக் குறைந்தார்கள். கயிறு ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், பயிற்சியும் வேலைப் பாதுகாப்பும் சேர்ந்துதான் நடந்தது. ஆனால் கயிற்றை இழுத்தவரைத் திட்டாமல் "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்க ஒரு ஆளை நியமித்தார்களே, உங்கள் வேலை அதுதான்.

எல்லாவற்றையும் நம்மால் செய்து கொடுக்க முடியாது. ஷெட்டுக்குள் வெக்கை தாங்கவில்லை, ஏர் கூலர் வேண்டும் என்பார்கள், அதை முடிவு செய்வது முதலாளி. அப்போதும் பதில் போக வேண்டும். "கேட்டேன், இந்த ஷிப்மென்ட் முடிந்த பிறகு பார்க்கலாம் என்கிறார், மறுபடியும் கேட்பேன்" என்று சொல்லிவிட்டு, உண்மையிலேயே மறுபடியும் கேட்க வேண்டும். "பார்க்கலாம் பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதைவிட "இப்போது முடியாது" என்பதை ஜனங்கள் மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மேலே பேசுவதும் நம் வேலைதான். ஒரு தையலுக்கு 30 விநாடி என்றால் மணிக்கு 120 பீஸ் என்று ஆபீஸில் உட்கார்ந்து டார்கெட் போட்டுவிடலாம். நூல் மாற்றுவது, பண்டல் அவிழ்ப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் சேர்த்தால் நல்ல டைலருக்கே 95, 100 தான் வரும். 120 என்று எழுதி வந்தால் அதை அப்படியே லைனில் கொண்டுபோய் ஒட்டுபவர் வெறும் தபால்காரர். ஸ்டாப் வாட்சோடு, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரை மிஷின் பக்கத்துக்குக் கூட்டி வந்து, நேரில் காட்டி, எண்ணைக் குறைத்துக் கொண்டுவர வேண்டும். அந்தச் சண்டையை நாம் போடுகிறோம் என்பது டீமுக்கு எப்படியும் தெரிந்துவிடும், நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

தப்பைச் சொல்லும் முறை பற்றி ஒன்றே ஒன்று. ஆல்டர் பீஸை எல்லோர் முன்னாலும் டேபிளில் வீசும் பழக்கம் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. எனக்கு அதைப் பார்த்தாலே கோபம் வரும். பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் நின்று, "இங்கே ரிப் அலையடிக்குது பாருங்க, நூல் டென்ஷன் பார்த்துக்கலாமா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கும் இதே மரியாதைதான். அவனை "ஏய் இந்திக்காரா" என்று யாரும் கூப்பிடக் கூடாது, அவனுக்குப் பெயர் இருக்கிறது.

லீவு விஷயத்தில் நல்ல மனசு மட்டும் போதாது, விவரமும் தெரிந்திருக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. பங்களிப்புக் காலமான ஆறு மாதத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருந்தால், நோயில் படுக்கும்போது ஈஎஸ்ஐ டாக்டரின் சான்றிதழைக் காட்டி, வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வாங்கலாம். மாதாமாதம் பிடித்தம் போகிறது, ஆனால் இது தெரியாமல் கந்துவட்டிக்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்புவதோடு, அந்தப் பேப்பரை எங்கே கொடுக்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

சரி, உங்கள் டீமுக்கு வருவோம். மீட்டிங்கில் பத்து பேர் முன்னால் "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் எங்கள் ஆட்களும் தலையைத்தான் ஆட்டுவார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் தனியாக உட்காருங்கள். அவர் வேலை செய்வதைப் பாருங்கள். "நேத்து எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஏதோ ஒரு சர்வருக்கு அனுமதி வரவில்லை, யாரோ ஒருவர் ரிவ்யூ செய்து தரவில்லை என்று சின்னதாக ஒன்று வரும். உங்கள் கைக்குள் இருக்கும் ஒன்றை இந்த வாரமே முடித்துவிட்டு, யார் சொல்லி அது நடந்தது என்பதை அவருக்குச் சம்மதம் என்றால் பெயரோடு எல்லோரிடமும் சொல்லுங்கள். அதன் பிறகு மீட்டிங் வையுங்கள்.