தம்பிக்கு உறுதி இல்லன்னு சொல்லாதீங்க

வணக்கம் அண்ணா,

ஸ்காட்லாந்து பாடகர் எட்வின் காலின்ஸ் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். ஸ்ட்ரோக்ல விழுந்த மனுஷன் மன உறுதியாலயே திரும்பப் பாட வந்தார்னு தம்பிக்கு எடுத்துச் சொன்னேன். அவன் கீபோர்டு வாசிப்பான், சொந்தமா பாட்டு போட்டு யூடியூப்ல விடுவான். போன வருஷம் அவனுக்கும் ஸ்ட்ரோக், வலது கை இன்னும் வரல, பேச்சும் தடுமாறுது. நான் சொன்னதும் முகத்த திருப்பிக்கிட்டான். அவனுக்கு அந்த உறுதிய எப்படி வரவைக்கிறது?

ஒரு வாசகி, திருச்சி

வணக்கம்மா,

தம்பி முகத்த திருப்பிக்கிட்டதுல தப்பே இல்ல. காலின்ஸ் கதைய மன உறுதின்னு மட்டும் சொல்லி முடிச்சா பாதிக் கதை போயிடும்.

2005 பிப்ரவரில அவருக்கு மூளைல ரத்தக்கசிவு, ஒரு வாரத்துக்குள்ள ரெண்டாவது தடவையும் வந்துச்சு, அப்புறம் ஆபரேஷன், அதுக்கு மேல இன்ஃபெக்‌ஷன், ஆறு மாசம் ஆஸ்பத்திரி. ஆரம்பத்துல வாயில வந்தது ஆமா, இல்ல, மனைவி கிரேஸ் மேக்ஸ்வெல் பேரு, அப்புறம் 'வாய்ப்புகளுக்கு முடிவே இல்ல'ங்கிற ஒரு வரி, இவ்வளவுதான். இத்தனை வருஷம் பாட்டு எழுதின ஆளு. தான் எழுதின வரிகளையே மறுபடி உக்காந்து படிச்சுக் கத்துக்கிட்டார். வலது கை வரவே இல்லம்மா, இன்னைக்கு வரைக்கும். அதனால இடது கையால அவர் கிட்டார் கம்பிய அழுத்திப் பிடிப்பார், பக்கத்துல உக்காந்து கிரேஸ் கம்பிய மீட்டுவாங்க, ஒரே கிட்டார்ல ரெண்டு பேரு. இடது கையால தினமும் பறவை வரைஞ்சு பழகினார்.

ஆனா இதுக்கெல்லாம் அடியில இன்னொண்ணு இருந்துச்சு. கிளாஸ்கோல 1980ல போஸ்ட்கார்டுன்னு ஒரு குட்டி ரெக்கார்டு கம்பெனில ஆரஞ்சு ஜூஸ் பேண்டோட ஆரம்பிச்சவர், நடுவுல பெரிய கம்பெனிக்கும் போனார், பேண்ட் உடைஞ்சப்புறம் சில வருஷம் ரொம்பவே கஷ்டப்பட்டார், 1994ல வெளிவந்த 'எ கேர்ள் லைக் யூ' பாட்டு உலகம் பூரா ஓடினப்ப அந்தக் காசுல லண்டன்ல சொந்தமா ஸ்டுடியோ போட்டார். பாட்டோட உரிமையும் அவர்கிட்டதான். நோய்க்கு முன்னாடி பாடி வச்ச ஆல்பம் ஒண்ணு மிக்ஸிங் ஆகாம அந்த ஸ்டுடியோவுலயே கிடந்துச்சு, வாடகை ஏறுதுன்னு யாரும் விரட்டல, தெம்பு வந்தப்ப வந்து முடிச்சார், 2007ல வெளிவந்துச்சு. அடுத்த ஆல்பம் 2010ல, ட்யூன அவர் பாடிக் காட்ட, கிட்டாருக்கு ஜானி மார், ராடி ஃப்ரேம் மாதிரி பேர்போன கிட்டார்காரங்க வந்தாங்க. இடையில 2009ல தன் புருஷன் பாட்ட கிரேஸ் மைஸ்பேஸ்ங்கிற வெப்சைட்ல ஏத்தப் போனா, உரிமை வேற யாருக்கோன்னு தடுத்துட்டாங்க, அந்தம்மா விடாம சண்ட போட்டாங்க. ஸ்டுடியோ, உரிமை, கிரேஸ், நண்பர்கள் இதெல்லாம் இல்லாம உறுதி மட்டும் இருந்து என்ன பண்ணியிருக்க முடியும் சொல்லுங்க.

அதனால தம்பிகிட்ட உறுதி கேக்காதீங்க. ஸ்பீச் தெரபி, பிசியோ ரெண்டையும் பணத்துக்காக நிறுத்திடாம பாத்துக்கோங்க. பேச்சு தடுமாறுறவங்களுக்கு சில சமயம் பாட்டா வரும், மெட்டுப் போட்டு பேசவைக்கிற முறையே இருக்கு, தெரபிஸ்ட்கிட்ட கேளுங்க. அவன் வாய்க்குள்ள முணுமுணுத்தா போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க, அவன்கிட்ட கேட்டுட்டு. கீபோர்டுல இடது கைக்கு கீழ்ஸ்தாயி பேஸ் லைன் போதும், வலது கை பார்ட்ட வாசிக்க அவனோட பழைய கூட்டாளி யாராவது வாரம் ஒருநாள் வருவாங்களான்னு கூப்பிட்டுப் பாருங்க, நிறைய பேர் என்ன பேசுறதுன்னு தெரியாமலே ஒதுங்கியிருப்பாங்க.

இன்னொண்ணு, இத இந்த வாரமே பண்ணுங்க. யூடியூப் சேனல் லாகின், பாட்ட ஸ்பாட்டிஃபைல ஏத்தின அக்கவுண்ட், ஹார்ட்டிஸ்க்ல இருக்குற ஒரிஜினல் ப்ராஜெக்ட் ஃபைல், எல்லாம் எங்க இருக்குன்னு அவன்கூட உக்காந்து தேடுங்க. பாட்டு போடுறவங்களுக்கு ராயல்டி வசூலிச்சுக் குடுக்குற ஐபிஆர்எஸ் சங்கத்துல மெம்பரா இல்லன்னா சேர முடியுமான்னு பாருங்க. பாதியில நின்ன பாட்டு ஏதாவது அந்த டிஸ்க்ல இருந்தா முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்கம்மா, அவன் கேக்குறப்ப கையில இருக்கணும்.