ஸ்பானிய இறந்தகாலம்: ‘போனோம்’ வேறு, ‘போவோம்’ வேறு

கேள்வி: என் மகள் கொழும்பிலுள்ள ஒரு சர்வதேசப் பாடசாலையில் தரம் 10இல் படிக்கிறாள். லண்டன் ஓ.எல். பரீட்சைக்கு ஸ்பானிய மொழியை எடுத்திருக்கிறாள். இது மூன்றாவது ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளும் நல்ல புள்ளிகள் வந்தன. இந்தத் தவணையில் கட்டுரைக் கொப்பி முழுவதும் சிவப்பு வட்டங்கள், பெரும்பாலும் இறந்தகால வினைகளில். வாய்மொழிப் பயிற்சியில் வாயே திறக்கிறாளில்லை என்று ஆசிரியர் சொல்கிறார். பிரெஞ்சுக்கு மாற்றிவிடலாமா? பிரத்தியேக வகுப்புக்கு அனுப்பலாமா? வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஸ்பானியத்தில் ஒரு சொல்லும் தெரியாத நான் ஏதாவது உதவ முடியுமா? (வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார்)

பதில்: நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கத்தில் முதல் வட்டத்தைப் பார்த்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் குடும்பமாகக் காலிமுகத் திடலுக்குச் சென்று இறால் வடை சாப்பிட்டதை உங்கள் மகள் எழுத வந்திருக்கிறாள். அந்த இடத்தில் அவள் ‘ஃபுயிமோஸ்’ என்று எழுத, ஆசிரியர் அதை வட்டமிட்டு ‘ஈபாமோஸ்’ என்று திருத்தியிருக்கிறார். இரண்டுமே ‘போ’ என்னும் வினையின் இறந்தகால வடிவங்கள்தாம். இரண்டுக்கும் எழுவாய் ‘நாங்கள்’. ஆங்கிலத்தில் இரண்டையும் ‘வென்ட்’ என்ற ஒரே சொல்லால் சொல்லிவிடலாம் என்பதால், ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு ஸ்பானியத்தில் எழுதும் பிள்ளைக்கு இந்த வேறுபாடு எங்கிருந்து வந்ததென்றே விளங்குவதில்லை.

இப்போது அதே செய்தியை அவளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘போன ஞாயிறு காலிமுகத் திடலுக்குப் போனோம்’ என்பாள். ஆனால் சின்ன வயதுக் கதையைச் சொல்லும்போது ‘ஒவ்வொரு ஞாயிறும் போவோம், அப்பா வடை வாங்கித் தருவார்’ என்பாள். பழைய வழக்கத்தைச் சொல்லும்போது தமிழர் நாம் எதிர்கால வடிவத்துக்கு மாறிவிடுகிறோம். யாரும் சொல்லித் தராமலே மூன்று வயதில் அதைக் கற்றுக்கொண்டோம். முடிந்த தனி நிகழ்ச்சியான ‘போனோம்’ ஸ்பானியத்தில் ‘இந்தெஃபினீதோ’ என்னும் வடிவத்தைப் பெறும். வழக்கமாக நடந்த ‘போவோம்’, நடந்துகொண்டிருந்த ‘போய்க்கொண்டிருந்தோம்’ ஆகிய இரண்டும் ‘இம்பெர்ஃபெக்தோ’ என்னும் ஒரே வடிவத்துக்குள் அடங்கும். உங்கள் மகளின் பக்கத்தில் வட்டமிடப்பட்ட ஒன்பது வினைகளை இந்த வழியில் சோதித்தேன். ஏழு சரியாக வந்தன.

எஞ்சிய இரண்டும் ‘இருந்தது’ என்ற சொல்லில் சிக்கியவை. ‘கடல் அமைதியாக இருந்தது’, ‘எனக்கு அப்போது ஆறு வயதாக இருந்தது’ என்று தமிழில் சாதாரண இறந்தகாலத்தையே பயன்படுத்துகிறோம். ஆகவே மேற்சொன்ன சோதனை இங்கே பிழையான விடையைத் தரும். இதற்கென்று ஒரு தனி விதியைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வைக்கட்டும்: தமிழில் ‘இருந்தது’ என்று வர்ணிக்கும் இடத்தில் பெரும்பாலும் இம்பெர்ஃபெக்தோ, அதாவது ‘ஏரா’, ‘எஸ்தாபா’, ‘தெனீயா’, ‘ஆபீயா’ ஆகியவற்றுள் ஒன்று வரும். ‘அங்கே இரண்டு மணித்தியாலம் இருந்தோம்’ என்று கால அளவைக் குறித்து முடித்துவிட்டால் மட்டும் ‘எஸ்துபீமோஸ்’ என்று இந்தெஃபினீதோவுக்குத் திரும்ப வேண்டும். வகுப்பில் பல பிள்ளைகளைத் திணறடிக்கும் ‘சபீயா’, ‘சூப்பே’ என்னும் இணையோ தமிழருக்கு எளிது: முன்னது ‘எனக்குத் தெரிந்திருந்தது’, பின்னது ‘எனக்குத் தெரியவந்தது’.

இவ்வளவு சொன்ன பிறகு பிரெஞ்சு பற்றிய கேள்விக்கு விடை உங்களுக்கே விளங்கும். பிரெஞ்சிலும் ‘பாஸே கொம்போஸே’, ‘ஆம்பார்ஃபே’ என்று இதே பிரிவினை உண்டு. இரண்டாண்டு உழைப்பைக் கைவிட்டுப் போய், இதே மதிலில்தான் மீண்டும் முட்ட வேண்டியிருக்கும். மாற்ற வேண்டாம்.

தமிழ் கைகொடுக்கும் வேறு இடங்களும் உண்டு. ‘மே குஸ்தா’ என்பதை ‘ஐ லைக்’ என்று மனப்பாடம் செய்வதால்தான் பிள்ளைகள் அதன் முன்னால் ‘யோ’, அதாவது ‘நான்’, என்ற சொல்லைத் தேவையில்லாமல் ஒட்டுகிறார்கள். அது நேராகவே ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதுதான்; ‘மே துவேலே லா கபேஸா’ என்பதும் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்பதே. பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகி ‘மே குஸ்தான்’ ஆகும் என்பதை மட்டும் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். அடுத்து, ‘தங்கையைப் பார்த்தேன்’ என்று ‘ஐ’ உருபு போடும் நாம், ‘படம் பார்த்தேன்’ என்று அதை விட்டுவிடுகிறோம் அல்லவா? ஸ்பானியமும் ஏறத்தாழ அப்படியே செய்கிறது: தங்கை என்றால் ‘பி ஆ மி எர்மானா’, படம் என்றால் ‘பி உனா பெலீக்குலா’. குறிப்பிட்ட மனிதர் செயப்படுபொருளாக வரும்போது முன்னால் ஒரு ‘ஆ’ சேர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக எதுவுமில்லை. ஆகவே ஆங்கில வழிப் பாடநூல்கள் இதை ஒரு விசித்திரமாகவே விளக்குகின்றன.

சொற்களிலும் கொழும்புத் தமிழருக்கு ஒரு பழைய முதுசம் இருக்கிறது. போர்த்துக்கேயர் 1505இல் இலங்கைக்கு வந்து, 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்தனர்; அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் ஸ்பானியத்துக்கும் நெருங்கிய உறவு. நம் மேசை அங்கே ‘மேஸா’, பாண் ‘பான்’, சப்பாத்து ‘ஸப்பாத்தோ’. கதிரையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ‘கதேரா’ என்றால் ஸ்பானியத்தில் இடுப்பு. உட்காரும் கதிரை ‘சீயா’.

தமிழ் காலைவாரும் இடம் ஒன்றுண்டு. உங்கள் மகள் பேசத் தயங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என நினைக்கிறேன். தமிழில் எந்த அசையை அழுத்திச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறாது, ஸ்பானியத்தில் மாறும். ‘ஆப்லோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால் ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினால் ‘அவர் பேசினார்’. எழுத்தில் அந்த அழுத்தத்தைக் காட்டுவது உயிரெழுத்தின் மேலுள்ள சிறு கோடு. அவள் அந்தக் கோட்டைப் பதினான்கு இடங்களில் விட்டிருக்கிறாள்; அதைக் கவனக்குறைவு என்று திட்ட வேண்டாம், அவளுடைய காதுக்கே அந்த வேறுபாடு இன்னும் கேட்கவில்லை. வினைகளை உரக்க வாசிக்கும்போது அழுத்தமான அசையில் மேசையில் ஒரு தட்டுத் தட்டட்டும். தட்டத் தெரிந்த பிறகு கோடு தானாக விழும்.

மற்ற உச்சரிப்பில் அவளுக்குக் கவலை தேவையில்லை. ‘எல்லாம்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லை ‘தோதோ’ என்று தமிழில் எழுதி நீங்களே வாசித்துப் பாருங்கள்: முதல் ‘தோ’ வன்மையாகவும், இரண்டாவது ‘அது’ என்பதில் வரும் தகரம்போல மென்மையாகவும் ஒலிக்கும். ஸ்பானியர் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். ஆங்கிலப் பழக்கத்தால் ‘டோடோ’ என்று சொல்வதை மட்டும் அவள் விட வேண்டும்.

பேசும் பயிற்சியைத் தள்ளிப்போட முடியாது. லண்டன் ஓ.எல். என்று நாம் சொல்லும் பரீட்சைகளுள் ஒன்றான கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.ஈ.யின் ஸ்பானிய வெளிநாட்டு மொழிப் பாடத்தில் கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் ஒவ்வொன்றுக்கும் 25 வீதம். மற்றொன்றான எடெக்செல் பரீட்சையிலும் பேசுதலுக்கு 25 வீதம் உண்டு. உங்கள் உதவி இங்கேதான் தேவை. அதற்கு ஸ்பானியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், உங்கள் சின்ன வயதுக் கதையொன்றைத் தமிழில் ஐந்து வாக்கியங்களாகச் சொல்லுங்கள்: ‘அம்மம்மா விடிய எழும்புவா. முற்றத்தில் பெரிய மாமரம் நின்றது. ஒருநாள் குரங்கு வந்தது.’ வாக்கியத்துக்கு வாக்கியம் அவள் ஸ்பானியத்தில் சொல்லி, தொலைபேசியில் பதிவு செய்யட்டும். ஒவ்வொரு வினையையும் ஏன் அந்த வடிவத்தில் சொன்னாள் என்று தமிழில் கேளுங்கள். ‘எழும்புவா’ என்பதற்கு வழக்கம் என்றும், ‘வந்தது’ என்பதற்கு ஒருமுறை நடந்து முடிந்தது என்றும் அவள் காரணம் சொன்னால் போதும். மாமரம் ‘நின்றது’ என்பதில் தடுமாறுவாள். வடிவம் ‘வந்தது’ போலிருந்தாலும் அது ‘இருந்தது’ போன்ற வர்ணனை. சந்தேகம் தீராத வாக்கியங்களை மட்டும் மறுநாள் ஆசிரியரிடம் காட்டட்டும்.

பிரத்தியேக வகுப்பைப் பொறுத்தவரை, இந்தப் பயிற்சியை ஒரு தவணை செய்து பார்த்தபின் முடிவெடுங்கள். அப்போதும் தேவைப்பட்டால், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் மகளை இருக்கவிட்டு, அந்த ஒரு மணித்தியாலத்தில் அவள் எத்தனை நிமிடம் ஸ்பானியத்தில் பேசினாள் என்று கேளுங்கள். குறிப்பெழுதவும் பழைய வினாத்தாள் செய்யவும் மட்டுமே நேரம் போயிருந்தால், அதற்காகப் பின்னேரப் போக்குவரத்து நெரிசலில் காலி வீதியில் அவள் அலைய வேண்டியதில்லை. இருபது நிமிடமாவது பேசியிருந்தால் அனுப்புங்கள்.