பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? ஆங்கிலக் கேள்வி-பதில்

கே: சம்மர், விண்டர் இவற்றைப் பெரிய எழுத்தில் தொடங்கலாமா?
ப: கூடாது. கிழமைக்கும் மாதத்துக்கும்தான் பெரிய எழுத்து. 'சம்மர் ஒலிம்பிக்ஸ்' என்று பெயருக்குள்ளேயே வந்தால் மட்டும் விலக்கு.

கே: நடு வாக்கியத்தில் வரும் 'ஐ'?
ப: எங்கே வந்தாலும் பெரிய எழுத்து.

கே: 'மதர்' சில இடங்களில் பெரிதாகவும் சில இடங்களில் சின்னதாகவும் வருகிறதே?
ப: அதை எடுத்துவிட்டு அம்மாவின் பெயரை வைத்துப் பாருங்கள். வாக்கியம் இடறாமல் ஓடினால் பெரிய எழுத்து. முன்னால் 'மை', 'ஹிஸ்' இருந்தால் ஓடாது, சின்ன எழுத்து.

கே: வேலை விண்ணப்பத்தில் மேனேஜர், கம்பெனி, எக்ஸ்பீரியன்ஸ் எல்லாவற்றையும் மரியாதைக்காகப் பெரிய எழுத்தில் தொடங்கினேன். தவறா?
ப: தவறுதான். எத்தனை முறை பதில் எழுதினாலும் இப்படிக் கேட்டு வரும் கடிதங்கள் மட்டும் நிற்பதில்லை. பெரிய எழுத்து கும்பிடு அல்ல; 'இது ஒரு பெயர்' என்று காட்டும் அடையாளம். பதவி, பெயரின் முன்னால் ஒட்டி வந்தால் பெரிது: 'பிரசிடென்ட் லிங்கன்'. தனியாக வந்தால் பொதுவாகச் சின்னது. கையெழுத்துக்குக் கீழே எழுதும் பதவிக்குப் பெரிய எழுத்து வழக்கம். படிப்பிலும் இதே கணக்கு: 'மாஸ்டர் ஆஃப் சயின்ஸ்' பட்டத்தின் பெயர், 'ஆஃப்' தவிர மற்ற இரண்டும் பெரிது, 'மாஸ்டர்ஸ் டிகிரி' பொதுச்சொல், சின்னது. 'இங்கிலீஷ்' மொழிப்பெயர், பெரிது, 'பிசிக்ஸ்' சின்னது. முற்காலத்தில் ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களைப் பெரிதாக எழுதியது உண்மை. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பிலேயே பார்க்கலாம். அந்த வழக்கம் போய் ஏறத்தாழ இருநூறு வருஷம் ஆகிறது. எழுதி முடித்ததும், வாக்கியங்களின் முதல் சொற்களையும், 'ஐ'யையும், கையெழுத்துக்குக் கீழுள்ள பதவியையும் விட்டுவிட்டு, மிச்சமுள்ள ஒவ்வொரு பெரிய எழுத்தின் மேலும் விரல் வைத்து 'இது எதன் பெயர்?' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சின்னதாக்குங்கள்.

கே: என் வாக்கியம் சரியா?
ப: எந்த வாக்கியம்? கடிதத்தில் அது இல்லையே!

கே: தலைப்பில் சின்னச் சொற்களுக்கெல்லாம் சின்ன எழுத்துதானே?
ப: நீளத்தைப் பார்க்காதீர்கள், சொல்லின் வேலையைப் பாருங்கள். 'இஸ்' இரண்டே எழுத்து, ஆனால் வினைச்சொல், பெரிது. 'தி', 'அண்ட்', 'ஆஃப்' சின்னவை. முதலிலோ கடைசியிலோ வந்தால் அவையும் பெரிது. நான்கைந்து எழுத்துள்ள 'வித்', 'அபவுட்' போன்றவற்றில், எழுத்துநடை விதிகளைச் சொல்லும் கையேடுகள் ஒன்றுக்கொன்று மாறும். ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள்.

கே: கோலன் (:) வந்தால் அதற்குப் பின்?
ப: பிரிட்டிஷ் முறையில் சின்னது. பின்னால் வருவது முழு வாக்கியமானால் பெரிதாக்கும் அமெரிக்கக் கையேடுகளும் உண்டு. செமிகோலன் (;) வந்தால் அதற்குப் பின் இரண்டு முறையிலும் சின்னதுதான், பெயர் வந்தாலொழிய.

கே: நார்த், சவுத்?
ப: திசையானால் சின்னது. 'சவுத் கொரியா' பெரிது. எதன் பெயர் என்று கேட்கச் சொன்னேனே, மேலே!

கே: 'இன்டர்நெட்'?
ப: அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2016இலேயே சின்ன எழுத்துக்கு மாறிவிட்டது. நீங்களும் மாறலாம்.

கே: 'யுவர்ஸ் சின்சியர்லி'?
ப: முதல் சொல்லுக்கு மட்டும் பெரிய எழுத்து. 'டியர் சார்' என்பதில் இரண்டுக்கும்.